குழந்தைக்குக் கம்பளிக் கையுறை

(நீலகிரி மலைக்கிராமம் ஒன்றில், ஊராட்சி அன்பர்களும் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாங்கள் பேச வந்திருக்கும் பொருள் மிகச் சிறியது. ஒரு ஜோடியை மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று பெரிய காரியங்களையே பேசிப் பழகிய இந்த இடத்தில், ஒன்றரை வயதுக் குழந்தையின் கையுறையைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வரும் வழியிலேயே ஒரு பெரியவர் எங்களை அவ்வாறு கேட்டும்விட்டார். அவருக்குத் தர வேண்டிய விடையாகவே இவ்வுரையைக் கொள்ளலாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது உதகை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த மேட்டு நிலத்தில் உறைபனி விழுவதையும், தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் புல்வெளி விடியற்காலையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடப்பதையும் உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைக் கொழுந்து கருகாமல் இருக்கப் புல்லையும் தழையையும் போர்த்துகிறீர்கள். காய்கறிப் பாத்திக்கு விடியுமுன் தண்ணீர் தெளித்து அன்றைய பனியைக் கரைக்கிறீர்கள். பயிருக்கு இவ்வளவு செய்யும் நாம், அதே வேளையில் தாயின் இடுப்பில் அமர்ந்து அங்கன்வாடிக்குப் போகும் குழந்தையின் கைகளை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்துக் காலையில் இத்தகைய கிராமம் ஒன்றின் அங்கன்வாடி வாயிலில் நின்றிருந்தோம். காரட் பிடுங்கும் வேலைக்குப் போகிற ஒரு தாய், வழியில் குழந்தையை விட்டுச் செல்ல வந்தார். குழந்தையின் தலையில் குல்லாய் இருந்தது. உடலில் ஸ்வெட்டர் இருந்தது. காலிலும் உறை இருந்தது. கைகளில் மட்டும், முழங்கை வரை ஏறிய கறுப்பு நிறக் காலுறைகள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. தகப்பனார் பள்ளி நாளில் அணிந்தவையாக இருக்க வேண்டும். அருகில் நின்ற ஒருவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய் தேவையைச் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார். அதற்குரிய பொருள்தான் அவர் கைக்கு எட்டவில்லை. அன்று எங்களுக்குப் பிறந்த எண்ணமே இன்றைய பேச்சு.

குளிர் தாக்கும்போது உடல் முதலில் இதயம், நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க முயல்கிறது. அதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவேதான் எவருக்கும் விரல் நுனிகள் முதலில் சில்லிடுகின்றன. குழந்தைக்கோ எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி. வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். நம்மைப்போல் கைகளைத் தேய்த்துக்கொள்ளவோ, சேலைத் தலைப்பில் ஒளித்துக்கொள்ளவோ அதற்குத் தெரியாது. விரல் வலிக்கிறது என்று சொல்லவும் வாய் வராது, அழும். நாம் பசி என்று எண்ணிக்கொள்வோம். குளிரிலும் ஈரத்திலும் நெடுநேரம் இருந்த சிறு விரல்கள் சிவந்து வீங்கி அரிப்பெடுப்பதை மலையில் பார்க்கலாம். அவ்வாறு ஆன விரலை உடனே நெருப்பில் காட்டுவது தவறு. மெல்லத் துடைத்து, உலர்ந்த துணியால் மூடி, நம் உடற்சூட்டிலேயே வெதுவெதுப்பாக்க வேண்டும்.

நெருப்பைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் செல்ல முடியாது. குளிர் தாங்காமல் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, அறைக்குள் கரிக்கணப்பு வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்தி மலைப்பகுதிகளில் புதியதன்று. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். அறையைச் சூடாக்க முயல்வதைவிடக் குழந்தையின் உடலைத் தக்க உடையால் போர்த்துவது பாதுகாப்பானது. கையுறை என்பது அந்த உடையில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி. சிறிய பொருள்தானே என்று கேட்ட பெரியவருக்கு இதுவே எங்கள் முதல் விடை.

இரண்டாவது விடை, எங்கள் பிழையிலிருந்து வருகிறது. அதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம்.

முன்பு ஒரு கிராமத்தில் பெண்களுக்குப் பின்னல் பயிற்சி நடத்தினோம். இருபது பேருக்கு மேல் ஆர்வத்தோடு சேர்ந்தனர். முதல் நாளே பெரியவர்கள் அணியும் ஸ்வெட்டரைத் தொடங்கிவைத்தோம். ஸ்வெட்டர் என்றால்தானே வீட்டில் மதிப்பு, அதைத்தானே விற்கலாம் என்பது எங்கள் எண்ணம். முதல் வாரம் அனைவரும் வந்தனர். மூன்றாம் வாரம் பாதிப்பேர் வந்தனர். முதுகுப் பக்கம் ஒரு சாண் ஏறுவதற்குள், கீழே எங்கோ ஒரு கண்ணி நழுவியிருப்பது தெரியவரும். பிரித்தால் பத்து நாள் உழைப்பு போகும். பிரிக்காவிட்டால் ஓட்டை தெரியும். பூண்டுக்குக் களையெடுக்கும் பருவமும் வந்துவிட்டது. கடைசியில் முழு ஸ்வெட்டர் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மற்ற ஊசிகளும் நூலும் பரண்மேல் ஏறின. பெண்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று நாங்களும் அப்போது குறிப்பு எழுதினோம். பின்னர் யோசிக்கையில்தான், முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளையின் கையில் காவியத்தைக் கொடுத்த குற்றம் எங்களுடையது என்று தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்குப் பல பத்தாயிரம் கண்ணிகள் பின்ன வேண்டும். நாங்கள் இன்று கற்பிக்கப்போகும் குழந்தைக் கையுறை ஒன்றுக்கு ஏறத்தாழ 1,500 கண்ணிகள் போதும். புதிதாகக் கற்பவரும் அடுப்பு வேலை முடிந்த மாலை நேரங்களில் நான்கைந்து நாளில் ஒன்றை முடித்துவிடலாம். தவறு நேர்ந்தால் பிரித்துப் பின்ன ஒரு மாலை போதும். எல்லாவற்றினும் மேலாக, வாரக் கடைசியில் முடித்த பொருளைக் குழந்தையின் கையில் மாட்டிப் பார்க்கலாம். கற்பவரைத் தொடர்ந்து கற்கச் செய்வது அதுவேயன்றி எங்கள் சொற்பொழிவு அன்று.

ஐந்து விரல்களுக்கும் தனித்தனிக் குழல் வைத்த உறை ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். விரல்கள் ஒன்றாக ஒரே பைக்குள் இருந்தால் ஒன்றன் சூட்டை மற்றொன்று பெறும். பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியே குளிரோடு போராட வேண்டும். தவிரவும், ஒன்றரை வயதுக் குழந்தையின் ஐந்து விரல்களையும் ஐந்து குழல்களில் நுழைக்க முயன்ற எவரும் மறுநாள் அதை முயலமாட்டார். எனவே நாம் பின்னப்போவது கட்டைவிரலுக்குங்கூடத் தனியிடம் இல்லாத, பை போன்ற உறை. ஒன்று முதல் இரண்டு வயது வரை இது பொருந்தும். அதற்கு மேற்பட்ட குழந்தை பொருள்களைப் பிடித்து விளையாட விரும்பும். அதற்குக் கட்டைவிரல் வைத்த உறையை இரண்டாம் மாதத்தில் கற்கலாம். கட்டைவிரல் இல்லாததால் வலது இடது என்ற பேதமும் இல்லை. ஆகையால் இரண்டு பின்னாதீர்கள், மூன்று பின்னுங்கள். ஒன்றைக் குழந்தை வழியில் போட்டுவிடும் என்பது உறுதி.

இனி நூல். கடைகளில் உல்லன் நூல் என்று பெயர் சொல்லி விற்பவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது விலை குறைவு, துவைக்க எளிது, பழகுவதற்கு நல்லது. ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உண்மைக் கம்பளியோ எளிதில் பற்றாது. பற்றினாலும் கருகி அணையும் இயல்புடையது. சிறிது ஈரமானாலும் சூட்டைக் காக்கும். இரண்டில் எது வேண்டும் என்பதை அவரவர் கைப்பொருள் முடிவு செய்யட்டும். அக்ரிலிக் உறை அணிந்த குழந்தையை அடுப்பருகே விடாதிருக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. உறுத்துகிற நூலை வாங்க வேண்டாம். வாங்குமுன் உங்கள் கழுத்தில் சற்றுத் தேய்த்துப் பாருங்கள். அங்கே அரித்தால் குழந்தையின் மணிக்கட்டிலும் அரிக்கும்.

ஆடு வளர்க்கும் அன்பர்கள் இங்கே இருப்பதால் ஒரு வார்த்தை. மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை போன்ற சமவெளி ஆடுகளின் உடலில் இருப்பது முடி. அதில் நூல் நூற்க இயலாது. கோயம்புத்தூர் ஆட்டில் கம்பளி உண்டு. ஆனால் அது முரடு. அந்த ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் இம்மலையில் உருவானதே நீலகிரி ஆடு. உடைக்கு ஏற்ற மென்கம்பளி தரும் தென்னாட்டு இனம் அது. அதன் எண்ணிக்கை இன்று மிகச் சுருங்கிவிட்டது; சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ என்னும் இனத்தை வளர்க்கிறது. நம் ஆட்டின் கம்பளியில் நம் குழந்தைக்கு உறை என்பது கேட்க இனிக்கும். ஆனால் கத்தரித்த கம்பளியை அலசி, சிக்கெடுத்து, ஒரே பருமனில் நூற்பது தனிக் கலை. அதையும் பின்னலையும் ஒரே நாளில் தொடங்கினால் மீண்டும் பரண்தான். முதலில் கடை நூலில் கை பழகட்டும்.

மிக மெல்லியதும் மிகத் தடித்ததும் இல்லாத நடுத்தரப் பருமன் நூலில் 50 கிராம் உருண்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரு ஜோடிக்குப் போக மிச்சமிருக்கும். இளநிறமாக இருக்கட்டும், கறுப்பு நூலில் கண்ணிகளை எண்ண விளக்கொளியில் எவராலும் ஆகாது. ஊசி 10-ஆம் எண். அதாவது 3.25 மில்லிமீட்டர் பருமன். உலோக ஊசி வழுக்கும்; புதியவர்களின் கண்ணிகள் ஓடிவிடும். மூங்கில் ஊசி பிடித்துவைத்துக்கொள்ளும். விளைந்த மூங்கிலைச் சீவி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, ஒருமுனையைக் கூராக்கி, மறுமுனையில் ஒரு மணியையோ மரக்குமிழையோ பொருத்தினால் ஊசி ஆயிற்று. நம் ஊர்த் தச்சருக்கு இது அரைநாள் வேலை. சிலாம்பு மட்டும் இருக்கக் கூடாது.

பின்னலில் இருப்பது இரண்டே செயல்கள். இடக்கை ஊசியில் கண்ணிகள் வரிசையாக இருக்கின்றன. நூலை ஊசிக்குப் பின்புறம் வைத்து, வலக்கை ஊசியை முதற்கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை அதன்மேல் ஒருசுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னே இழுத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து விட்டுவிட வேண்டும். இது நேர்ப்பின்னல், நிட் என்று சொல்வார்கள். நூலை முன்புறம் கொண்டுவந்து, வலக்கை ஊசியை வலமிருந்து இடமாகக் கண்ணியின் முன்பக்கத்தில் நுழைத்து, சுற்றி, பின்னே தள்ளினால் அது மறுபின்னல், பர்ல் என்பார்கள். நேர்ப்பின்னல் விழுந்த இடம் வேல்முனைபோல் தெரியும். மறுபின்னல் விழுந்த இடம் சிறு முடிச்சுபோல் தெரியும். இந்த இரண்டையும் கண்ணால் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

ஊசியில் முதற்கண்ணிகளை ஏற்றுவதும் நேர்ப்பின்னலே. ஒரு சுருக்குக் கண்ணியை இடக்கை ஊசியில் போட்டு, நேர்ப்பின்னல் போலவே அதிலிருந்து ஒரு சுற்றை இழுத்து, பழையதை விட்டுவிடாமல், புதியதையும் இடக்கை ஊசியிலேயே மாட்டிக்கொண்டே போகலாம். இறுக்கிப் போடாதீர்கள். கண்ணி ஊசியில் தடையின்றி நகர வேண்டும். புதியவர்கள் பயத்தில் நூலை நெரிப்பார்கள். பின்னர் அந்த விளிம்பு குழந்தையின் கைமுட்டியைத் தாண்டாது.

முதல் நாள் உறையைத் தொடங்க வேண்டாம். 24 கண்ணிகள் ஏற்றி, முழுவதும் நேர்ப்பின்னலிலேயே ஒரு சதுரம் பின்னுங்கள். அடுத்த நாள், ஒரு வரிசை நேர், ஒரு வரிசை மறு என்று மாற்றிப் பின்னுங்கள். ஒருபக்கம் வழவழப்பாக வரும். அதை மேசைமேல் இழுக்காமல் வைத்து அளவுகோலால் அளந்தால் 24 கண்ணிகள் 10 சென்டிமீட்டர் அகலம் வர வேண்டும். அதைவிட அகலமாக வந்தால் உங்கள் கை தளர்வு. சற்று மெல்லிய ஊசி கொள்ளுங்கள். குறுகலாக வந்தால் கை இறுக்கம். சற்றுத் தடித்த ஊசி. இந்த அளவைச் சோம்பலால் விட்டவர் பின்னியது பொம்மைக்கோ பெரியவருக்கோ பொருந்தும், குழந்தைக்குப் பொருந்தாது. அளந்தபின் சதுரத்தைப் பிரித்து நூலைச் சுற்றிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழமும் வீணில்லை.

இப்போது உறை. 36 கண்ணிகள் ஏற்றுங்கள். மணிக்கட்டுப் பகுதிக்கு ஒரு நேர், ஒரு மறு, ஒரு நேர், ஒரு மறு என்று 5 சென்டிமீட்டர் உயரம் பின்னுங்கள். இந்தப் பின்னல் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். நாடா இல்லாமலே மணிக்கட்டில் நிற்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. நேர்ப்பின்னலுக்கு நூல் பின்னேயும், மறுபின்னலுக்கு நூல் முன்னேயும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே நூலை மாற்ற வேண்டும். மறந்தால் ஊசிமேல் ஒரு சுற்று கூடுதலாக விழுந்து, 36 கண்ணிகள் 40 ஆகிவிடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். தோடர் குலப் பெண்கள் அச்சுமில்லாமல் கோடுமில்லாமல் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலை முழுதும் எண்ணிக்கைதான். எண்ணுவது நம் மலைக்குப் புதிதன்று.

5 சென்டிமீட்டர் முடிந்ததும், ஒரு வரிசை நேர், ஒரு வரிசை மறு என்று 7 சென்டிமீட்டர் பின்னுங்கள். பிறகு நுனியைக் குறுக்க வேண்டும். நான்கு கண்ணிகளைத் தனித்தனியே பின்னி, அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கண்ணியாகப் பின்னுங்கள். வரிசை முழுதும் இவ்வாறு ஆறுமுறை செய்தால் 30 நிற்கும். அடுத்த வரிசையைக் குறைக்காமல் மறுபின்னலில் முடியுங்கள். அதற்கடுத்து மூன்று தனி, இரண்டு சேர்த்து, 24 நிற்கும். மீண்டும் ஒரு மறு வரிசை. பின்னர் இரண்டு தனி, இரண்டு சேர்த்து, 18. மறு வரிசை. ஒன்று தனி, இரண்டு சேர்த்து, 12. மறு வரிசை. கடைசியில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறே கண்ணிகள் நிற்கும். நூலை இரண்டு சாண் நீளம் விட்டு வெட்டி, முனை மழுங்கிய தையலூசியில் கோத்து, ஆறு கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி இழுத்துச் சுருக்குங்கள். வழவழப்பான பக்கம் உள்ளே வருமாறு மடித்து, அதே நூலால் விளிம்புகளை இணைத்து மணிக்கட்டு வரை தைத்து, பின் புரட்டுங்கள். தையல் தடித்திருந்தால் விரலை உறுத்தும். விளிம்போடு விளிம்பு சேர்த்து மெல்லியதாகத் தையுங்கள்.

நூல் முனைகளைத் தையலுக்குள்ளேயே விரற்கடை நீளம் ஓட்டி மறைத்துவிட்டுத்தான் கத்தரிக்க வேண்டும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. உறையின் உள்ளே தொங்கும் ஓர் இழை குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டால், இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே கெடக்கூடும். குழந்தை காரணம் புரியாமல் அழும். உறை மூடியிருப்பதால் நமக்கும் தெரியாது. ஆகவே அணிவிக்குமுன் ஒவ்வொரு நாளும் உறையைப் புரட்டி உட்புறம் பாருங்கள். இரண்டு நிற நூலில் பூ வேலை செய்தால் உட்புறம் இழைகள் குறுக்கே ஓடும். சிறு விரல் அதில் மாட்டும். பூ வேலையைக் குல்லாயில் காட்டுங்கள். பொத்தானும் மணியும் தைக்க வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

தொலைந்துபோகாமல் இருக்க இரு உறைகளையும் ஒரு கயிற்றால் பிணைத்துக் கழுத்தின் பின்னே போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். கயிறு எங்கேனும் மாட்டினால் கழுத்தை இறுக்கும். மணிக்கட்டுப் பகுதியை நீளமாகப் பின்னச் சொன்னதே, அதை ஸ்வெட்டர் கைக்குள் செருகிவிடுவதற்காகத்தான்.

குழந்தை உறையை வாயில் வைக்கும்; ஈரமாகும். ஈரமான உறை கையின் வெப்பத்தை வெளியே இழுக்கும். அதைவிட வெறுங்கை மேல். மூன்றாகப் பின்னச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். வீட்டுக்குள் வந்ததும் கழற்றுங்கள். உறங்கும்போதும் உண்ணும்போதும் வேண்டாம். கை சில்லென்றிருப்பதை மட்டும் வைத்துக் குழந்தையின் உடல் நிலையைக் கணிக்காதீர்கள். மார்பையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் சில்லிட்டு, குழந்தை சோர்ந்து கிடந்தால் அது கையுறையால் தீரும் காரியமன்று; உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டையாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் மெல்ல அலசி, முறுக்காமல், துணியில் சுற்றி அழுத்தி, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். கோடையில் பெட்டியில் வைக்கும்போது அந்துப்பூச்சிக்காகப் பாச்சை உருண்டை போடுகிறோம். அந்த உருண்டையின் ஆவி ஏறிய துணி, பிறவிக் குறையுள்ள சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடக்கூடும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டு என்று நமக்குத் தெரியாதாகையால் குழந்தை உடையருகே அது கூடாது. நன்கு துவைத்து உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டிவைத்தாலே போதும்.

ஊராட்சி அன்பர்களிடம் இனிப் பேசுகிறோம். அக்டோபர் 2-இல் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26-இல் மீண்டும் கூடுகிறது. கையுறைப் பேச்சை ஜனவரியில் எடுத்தால் உறைபனிக் காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். அக்டோபரில் எடுத்தால் கடும் பனிக்கு முன் எட்டு வாரமேனும் கையில் இருக்கும். ஊரில் ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்பது அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த எண்ணிக்கையைச் சபையில் வாசியுங்கள். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று அதற்கேற்ற நூலை மொத்தமாக, ஒரே பருமனில் வாங்கட்டும். ஏற்கெனவே பின்னத் தெரிந்த மூதாட்டிகள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார்கள், தேடினால் கிடைப்பார்கள். அவர்களுள் ஒருவர்க்கு ஐந்து பேர் என்று உட்கார வையுங்கள். எங்களைப்போல் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களைவிட, கண்ணி நழுவிய மாலையிலேயே ஓடிப்போய்க் காட்டத்தக்க பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாளே நல்லாசிரியர். தாய் கூலி வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்புகிறார் என்றால், அவர் வீட்டுக் குழந்தைக்கு மற்றவர் பின்னிக் கொடுக்கட்டும். பின்னத் தெரிந்த வீட்டுக் குழந்தைக்கு மட்டும் உறை என்று நின்றுவிட்டால் இம்முயற்சியில் குறை இருக்கிறது.

இதனால் வருமானம் பெருகும் என்று ஆசை காட்ட நாங்கள் வரவில்லை. இயந்திரத்தில் பின்னிய உறைகள் குறைந்த விலையில் வந்து குவிகின்றன; அவற்றோடு கையால் பின்னுவது விலையில் போட்டியிடாது. குளிரை எதிர்பாராமல் கைக்குழந்தையோடு மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகள் சிலர் வாங்கலாம், அது பிற்பாடு. சமவெளியில் உள்ள உறவினர்க்கு அனுப்பும் ஆசையும் வேண்டாம். அங்கே மார்கழியிலும் ஓடி விளையாடும் குழந்தைக்குக் கம்பளி உறை வெப்பத்தையும் வேர்க்குருவையும்தான் தரும்.

ஆண்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்கு நடுவே டாக்கிலே என்றொரு தீவு உண்டு. நம்மைவிட உயரமான, கடுங்குளிர் மலைநாடு அது. அங்கே பின்னல் ஆண்களின் வேலை. பையன்கள் சிறுவயதிலேயே ஊசி பிடித்துக் குல்லாய் பின்னக் கற்கிறார்கள். உழுதுவிட்டு வந்தவர்கள்தாம் அவர்களும். உங்களையும் பின்னச் சொல்ல எங்களுக்குத் துணிவு உண்டு. ஆயினும் இன்றைக்கு, மூங்கில் சீவித் தந்தாலே போதும் என்று நிறுத்திக்கொள்கிறோம்.

தாய்மார்களே, பின்வரிசையில் இருப்பவர்கள் சற்று முன்னே வந்து வெளிச்சத்தில் அமருங்கள். ஊசி இரண்டு, நூல் உருண்டை ஒன்று என்று ஒவ்வொருவர்க்கும் வருகிறது. நூலின் உள்முனையைத் தேடி எடுத்துச் சுருக்குக் கண்ணி போடுங்கள். 24 கண்ணிகள், இறுக்க வேண்டாம்.